காத்தா கேட்கிறோம், கரண்ட் கணக்கைக் கேட்கிறோமா?

பெங்களூரில் பழைய ஃபிளாட் வாங்கப் போகிறவர் கையில் நீளமான பட்டியல் இருக்கும். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, ஓ.சி. என்னும் குடியேற்றச் சான்று, 2024 அக்டோபரில் கட்டாயமாக்கப்பட்ட இ-காத்தா என்னும் மின்னணுச் சொத்துப் பதிவு. வக்கீல் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். அந்த வீடு மாதம் எத்தனை யூனிட் மின்சாரம் தின்னும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் இந்தக் கேள்வியைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. நகராட்சியின் மின் நிறுவனத்திடம் இணைப்பு வாங்கிய, பத்து ஆண்டு கடந்த வீடுகளுக்கு 2009 ஜூன் முதல் இந்த விதி. விற்பவர் எரிசக்தித் தணிக்கை செய்து, அறிக்கையை வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். குறைகளைச் சரிசெய்தே தீர வேண்டும் என்பதில்லை. மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 1999 முதலே இப்படியொரு ஏற்பாடு உண்டு.

நம் நாட்டில் ஏ.சி.க்கு நட்சத்திர முத்திரை 2010-ல் கட்டாயமானது. சில பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு இருக்கும் இந்த நிபந்தனை, கோடி ரூபாய் வீட்டுக்கு இல்லை. 2018 டிசம்பரில் மத்திய அரசு ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. சுவரும் ஜன்னலும் உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அது. 2019-ல் வீடுகளுக்கும் நட்சத்திர முத்திரை வந்தது, விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் பெரிய குடியிருப்புகளையும் விதிக்குள் கொண்டுவர வழி செய்தது. இவை பெரும்பாலும் குறிவைப்பது புதிதாகக் கட்டப்படும் கட்டடங்களை. கைமாறும் பழைய வீட்டுக்குக் கட்டாயம் என்று ஒன்றுமில்லை.

குளுகுளு ஊரான பெங்களூருக்கு இதெல்லாம் எதற்கு?

2024 ஏப்ரல் 28 அன்று பெங்களூரில் வெப்பம் 38.5 டிகிரி. மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குச் சுவரோடு ஒரு படுக்கையறை இருந்தால் அங்கே இரவிலும் ஏ.சி. ஓடும். மாடியில் நிற்கும் சோலார் ஹீட்டர் போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து சும்மா நிற்கலாம்; வெந்நீருக்கு கீசர்தான். லிப்டும் தண்ணீர் மோட்டாரும் இழுக்கும் கரண்ட் பொது மீட்டரில் ஏறி, மெயின்டனன்ஸ் தொகையில் வந்து சேரும். வீடு பார்க்கப் போகும் அரை மணி நேரத்தில் இவை எதுவும் கண்ணில் படாது.

கரண்ட் பில்லைக் கேட்டாலும் ஏமாறலாம். 2023 ஆகஸ்டில் தொடங்கிய கிருஹ ஜோதி என்ற இலவச மின்சாரத் திட்டத்தால் பலருக்குத் தொகை பூஜ்யம். பில்லில் பார்க்க வேண்டியது ரூபாயை அல்ல, யூனிட்டை.

இதில் ஒரு முரண் உண்டு. பழைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன மின்கட்டண பாக்கியை, விதிகள் இடம் தந்தால், வாங்கியவரிடம் வசூலிக்கலாம் என்று 2023 மே மாதம் கே.சி. நினான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போன பாக்கி வாங்கியவர் தலையில் விடியலாம். வரப்போகும் செலவைச் சொல்லத்தான் ஆளில்லை.

ஆஸ்டின் மாதிரி முழுத் தணிக்கையை நாளையே இங்கே கொண்டுவர முடியாது. தகுதியான தணிக்கையாளர்கள் வேண்டும், கட்டணத்துக்கு வரம்பு வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் புரோக்கர் வாங்கித் தரும் இன்னொரு காகிதமாகிவிடும். முதல் படி சுலபமானது. இ-காத்தாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் வீட்டுக்குத் தந்த கணக்கு எண்ணைக் கேட்கிறார்கள். அந்த எண்ணின் 12 மாத யூனிட் கணக்கைக் கிரயப் பத்திரத்தோடு இணைக்கச் சொன்னால் போதும். அரசுக்குப் பெரிய செலவில்லை.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டு மீட்டர், பொது மீட்டர் இரண்டின் ஓராண்டு பில்களையும் கேளுங்கள். ஏப்ரல் மாதப் பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை போய் வீட்டைப் பாருங்கள். பில்களைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.