நாம்பன் நிற்கிறது, பழக்க ஆளில்லை

வாழைச்சேனைப் பக்கம் குதிரை என்றால் கோயில் திருவிழாவில் தோளேறி வரும் மரக்குதிரை வாகனந்தான். ஆனாலும் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரைகள் தடை தாண்டும் போட்டிக்கு இலங்கைப் பெயரும் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அந்தக் காணொளியை ஊரில் சிலர் கைபேசியில் தேடிப் பார்த்தார்கள். மெத்தில்டா கார்ல்சன் இலங்கையில் பிறந்து, கைக்குழந்தையாகவே சுவீடன் குடும்பமொன்றுக்குத் தத்துப் போனவர். குதிரையேற்றத்தில் ஒலிம்பிக்குக்குப் போன முதல் இலங்கையர் அவர்தான். அவரது குதிரையின் பெயர் சோபின். என்னோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்த வயற்காரப் பெரியவர் ஒருவர் குதிரை பாய்ந்த உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “கம்பத்துக்குக் கிட்டப் போகக்குள்ள அதுர காது எங்க கிடக்கெண்டு பாரு மனே” என்றார்.

காது ஒரு கணம் பின்னால் திரும்பி, ஏறியிருப்பவரைக் கேட்டுவிட்டு, மறுபடி தடையை நோக்கி நிமிர்ந்தது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அவர் கவனித்தார், ஏனென்றால் இளமைக் காலம் முழுக்க அவர் பார்த்த வேலை அதுதான். வாகனேரிப் பக்கத்து வயல்வட்டைகளில் நிலக்காரப் போடிமாரின் நாம்பன்களை, அதாவது இளங்காளைகளை, நுகத்துக்குப் பழக்கிக் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்ட ஆட்கள் முன்பு வட்டைக்கு இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். வெயில் காலத்தில் பட்டியிலிருந்து பிடித்து வந்து ஒப்படைத்தால், பெரும்போக விதைப்புக்கு நாம்பன் ஏருக்கு ஆகிவிடும். கூலி நெல்லாக வந்து சேரும்.

பட்டி மாடு வீட்டு மாடு போலல்ல. காட்டோரத்தில் பிறந்து, காட்டோரத்திலேயே மேய்ந்து வளர்ந்தது. மனிதக் கை அதன் மேல் முதன்முதலாகப் படுவது குறி சுடும் நாளில். நாலு பேர் சேர்ந்து விழுத்தி, காலைக் கட்டி, பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைக்கிறார்கள். மனிதரைப் பற்றி அது படித்த முதற் பாடம் அதுதான். பழக்குகிறவரின் முதல் வேலை அந்தப் பாடத்தை மறக்கச் செய்வது. ஆகவே முதற் கிழமை வேலை என்று எதுவும் நடக்காது. மர நிழலில் நாம்பனைக் கட்டி, தவிடும் தண்ணீரும் வைத்துவிட்டு, பெரியவர் பக்கத்தில் குந்தியிருந்து வெற்றிலை போடுவார். அவ்வளவுதான். போடியார் வந்து பார்த்தால் சம்பளத்துக்கு ஆள் சும்மா இருக்கிறான் என்றுதான் நினைப்பார்.

பிறகு கழுத்து, முதுகு, விலா என்று கை மெல்ல ஊர்ந்து கடைசியில் பின்னங்கால் வரை போகும். அதற்குப் பின்தான் மூக்குக் குத்துவது. புண்ணுக்கு மஞ்சளும் எண்ணெயும். புண் ஆறும்வரை நாணயக்கயிற்றில் யாரும் கை வைக்கக்கூடாது. அவசரப்பட்டு ஒருமுறை சுண்டி இழுத்துவிட்டால், அந்த மாடு தலையைத் தூக்கி, முதுகைக் குழித்துக்கொண்டுதான் வாழ்நாள் முழுக்க நடக்கும். நுகம் கழுத்தில் சரியாக உட்காராது. குதிரைப் பழக்கத்திலும் இதே தொல்லை உண்டு. கடிவாளத்தில் முரட்டுக் கை பட்ட குட்டி தலையை மேலே எறிந்து முதுகைத் தொய்ய விடும். ஏறியிருப்பவரின் பாரத்தைச் சுமக்க முடியாத முதுகு அது. அதைத் திருத்தி எடுப்பது, பழகாத குட்டியைப் பழக்குவதைவிடப் பல மடங்கு வேலை.

நுகத்தில் முதன்முதலாகப் பூட்டும்போது பக்கத்தில் நிற்பது வயதான மாடு. இடத்து மாடா, வலத்து மாடா என்பதை அன்றே தீர்மானித்துவிடுவார்கள், பிறகு மாற்றுவதில்லை. வெறும் நுகத்தோடு மணலில் நடக்க விடுவது, பிறகு ஒரு கட்டையை இழுக்க விடுவது, பிறகு சேற்றில் பலகை, அதன் பின் கலப்பை. கரத்தை என்னும் வண்டி எல்லாவற்றுக்கும் கடைசி. இந்தப் படிகளுக்கு நடுவே இருந்த வரம்புப் பாடத்தைப் பற்றிப் பெரியவர் நெடுநேரம் பேசினார். ஒரு வயலிலிருந்து மறுவயலுக்குக் கலப்பையோடு போகும்போது நாம்பன் வரம்பைக் கண்டு மிரண்டு பாயும். பாய்ந்தால் ஏர்க்கால் முறியும், சோடி மாட்டின் கழுத்தில் நுகம் திருகும். ஆகவே கலப்பையில்லாமல் தாழ்ந்த வரம்புகளில் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவார்கள், ஒவ்வொரு காலாக, குனிந்து பார்த்து வைக்கும்வரை.

தடை தாண்டப் பழக்கும் இளங்குதிரையும் முதலில் தாண்டுவதில்லை. நிலத்தில் கிடத்திய கம்புகளுக்கு மேலே நடக்கிறது. தன் கால் எங்கே படுகிறது என்று அது அறிந்த பின்பே கம்பு முழங்கால் உயரத்துக்கு ஏறும். பாய்ச்சலில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ கப்ரில்லி. அவர் காலத்துக்கு முன் ஏறியிருப்பவர்கள் தடை மேலே பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார்கள். குதிரையின் வாயும் முதுகும் பாடுபட்டன. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் ஆளை முன்னுக்குக் குனிய வைத்து, குதிரையின் கழுத்துக்கு விடுதலை கொடுத்தார். 1907இல் அவர் இறந்தார். இன்று உலகம் முழுவதும் தடை தாண்டுகிறவர்கள் அவர் காட்டிய விதத்தில்தான் குனிகிறார்கள்.

டிரெசாஜ் என்னும் நடைப்பயிற்சியைப் பெரியவருக்கு விளக்குவது கடினம் என்று நினைத்திருந்தேன். 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமுமான மணற்களம், அதில் குதிரை நேராக நடக்க வேண்டும், நிற்க வேண்டும், வட்டம் போட வேண்டும், நடுவர்கள் ஒவ்வொன்றுக்கும் 10க்குப் புள்ளி போடுவார்கள் என்றேன். வட்டம் என்றதும் அவர் நிமிர்ந்தார். “அது களவெட்டி வேலையெல்லோ.”

உண்மைதான். வேளாண்மை வெட்டிச் சூடு வைத்தபின், களவெட்டியில் கதிரைப் பரப்பி மாடுகளைப் பிணைத்து இரவிரவாகச் சுற்ற விடுவார்கள். பொலிப்பாட்டு கேட்கும் இரவுகள் அவை. நடுவுக்குக் கிட்ட நிற்கும் மாடு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும். விளிம்பில் போகும் மாடு எட்டி நடக்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் வந்தால் பிணையல் குலையும். உள்பக்கத்துக்கு அனுபவப்பட்ட மாடு வேண்டும், விளிம்புக்கு இளசு. வட்டத்தில் சுற்றும்போது உள்பக்கப் பின்னங்கால்தான் பாரத்தைத் தாங்கும் என்று பெரியவர் தன் தொடையைத் தட்டிக் காட்டினார். 20 மீட்டர் வட்டத்தில் குட்டியைச் சுற்ற விடும் ஐரோப்பியப் பயிற்சியாளர் தேடுவதும் அந்தக் காலைத்தான். நீண்ட கயிற்றில் வட்டம் விடுவதிலிருந்து பெரும் போட்டி வரை அந்த உள்கால் உடலுக்கு அடியில் வருகிறதா என்பதே கேள்வி. ஜெர்மனியர் பயிற்சியை 6 படிகளாக வகுத்திருக்கிறார்கள். சீரான நடை முதற்படி, இறுக்கம் தளர்வது இரண்டாவது, பாரத்தைப் பின்னுக்கு ஏற்றி உடலைத் திரட்டுவது கடைசி. வியன்னாவின் ஸ்பானியக் குதிரைப் பள்ளியில் ஓர் இளங்குதிரை கடைசிப் படிக்கு வர ஏறத்தாழ 6 ஆண்டுகள் ஆகின்றன.

நாம்பனுக்கு அத்தனை காலம் யாரும் தரவில்லை. ஒரு மாரிக்குள் அது உழ வேண்டும். அதனால் கேட்டிக்கம்பும் இருந்தது, வாலை முறுக்குவதும் இருந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. நலமடித்த புண் காயுமுன் ஏரில் பூட்டப்பட்ட மாடுகளும் உண்டு, கழுத்துப் புண்ணோடு கரத்தை இழுத்தவையும் உண்டு. பெரியவரே ஒத்துக்கொள்வார். ஆனால் நல்ல பழக்காளியை மற்றவரிலிருந்து பிரித்துக் காட்டியது அவர் கம்பை எவ்வளவு குறைவாக எடுத்தார் என்பதுதான். “அடிச்சுப் பழக்கின மாடு அடிக்காட்டி நடக்கா மனே.” கிரேக்கத்துச் செனொபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே குதிரைக்கு இதைத்தான் எழுதி வைத்தார். கட்டாயத்தில் செய்வதைக் குதிரை புரிந்துகொள்வதில்லை, அதில் அழகும் இருக்காது என்பது அவர் கட்சி. செல்வமும் விதிகளும் பெருகினாலும் இந்தப் பாடம் முடிந்தபாடில்லை. ஒலிம்பிக்கில் பல பதக்கங்கள் வென்ற பிரித்தானிய வீராங்கனை சார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது ஒரு குதிரையின் காலில் சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த காணொளி வெளிவந்ததும், 2024 பாரிஸ் போட்டியிலிருந்து விலகினார். ஓராண்டுத் தடையும் வந்தது.

இனி ஊரின் கதை. வாழைச்சேனையில் 1956இல் தொடங்கிய காகித ஆலை வைக்கோலை மூலப்பொருளாக எடுத்தது. அதுவரை மாட்டுத் தீனியாக இருந்த வைக்கோலுக்குப் பணப் பெறுமதி வந்தது. அதே காலத்தை ஒட்டி உழவு இயந்திரங்களும் வந்தன. மாடு சுற்றிய களவெட்டியில் இயந்திரம் சுற்றியது. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளி மட்டக்களப்பில் வீடு, தென்னை, பட்டி எதையும் மிச்சம் வைக்கவில்லை. பிறகு யுத்தம். காட்டோர மேய்ச்சலுக்குப் போனால் திரும்பி வருவோமா என்ற காலத்தில் எத்தனையோ பட்டிகள் அழிந்தன, எத்தனையோ கைமாறின. யுத்தம் ஓய்ந்தபோது இளைஞர் கையில் லேண்ட்மாஸ்டர் என்னும் கை உழவு இயந்திரம் இருந்தது. இப்போது வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கினால் வெட்டு, சூடடிப்பு, தூற்றல் மூன்றும் ஒரே பொழுதில் முடிகிறது. களவெட்டியும் பொலிப்பாட்டும் பள்ளிக்கூட விழா மேடைக்குப் போய்விட்டன.

ஓட்டமாவடிப் பழைய இரும்புப் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரயிலும் வாகனமும் ஒரே பாதையைப் பகிர்ந்த பாலம் அது. கரத்தை மாட்டுக்கு அங்கேதான் இறுதிப் பரீட்சை. காலடியில் தகடு அதிரும், இடுக்கில் ஆற்றுத் தண்ணீர் தெரியும். புதிய நாம்பனை அதிகாலையில், ரயில் நேரம் பார்த்து, நிலத்தை முகர விட்டு நடத்திப் போவார்களாம். போர் முடிந்தபின் பக்கத்தில் புதிய பாலம் வந்துவிட்டது. இப்போது அதில் மிரள்வதற்கு எந்த மாடும் வருவதில்லை.

மாடு இல்லாமல் போய்விடவில்லை என்பதுதான் விசித்திரம். மட்டக்களப்புத் தயிர்ச்சட்டிக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. வயல் பச்சையாக இருக்கும் மாதங்களில் பட்டிகள் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைக்குப் போகும், அறுவடை முடிந்தால் திரும்பும். அந்தத் தரையில் அத்துமீறிய குடியேற்றமும் பயிர்ச்செய்கையும் நடக்கின்றன என்று பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். ஆக மாடும் உண்டு, மாட்டுக்காக வீதியில் குந்தியவர்களும் உண்டு. நாக்குக்குப் பால், சந்தைக்கு இறைச்சி என்று மாட்டின் பயன் சுருங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தவர் கெட்டிக்காரர்கள், வண்டிச் சவாரியை விளையாட்டாக்கி வைத்திருக்கிறார்கள். உழவு போனாலும் காளையைப் பழக்கும் கை அங்கே போகவில்லை. ஐரோப்பாவிலும் படைக்கும் வண்டிக்கும் குதிரை தேவையற்றுப் போனபின் அந்த வித்தையைக் காப்பாற்றியது விளையாட்டுத்தான். இன்று 5, 6, 7 வயது இளங்குதிரைகளுக்குத் தனித்தனியே உலகப் போட்டிகள் நடக்கின்றன. எங்கள் பக்கம் அப்படி எதுவும் முளைக்கவில்லை.

2022இல் டீசல் இல்லாமல் நாடு நின்றபோது இதன் விலை தெரிந்தது. எரிபொருள் நிலையத்தில் கலன்கள் வரிசையாகக் கிடந்தன, லேண்ட்மாஸ்டர் மரத்தடியில் கிடந்தது. மாடு இருக்கிறதுதானே என்று ஒரு குடும்பத்தார் பட்டியிலிருந்து வாட்டசாட்டமான இரண்டு நாம்பன்களைப் பிடித்து வந்தார்கள். பரணில் கிடந்த நுகத்தை இறக்கி முதல் நாளே பூட்டினார்கள். நுகம் இரண்டாக முறிந்தது, ஒரு நாம்பன் கயிற்றோடு வாய்க்காலைக் கடந்து ஓடியது. பிறகுதான் பெரியவரிடம் ஆள் போனது. அவர் வந்தார், மிச்சமிருந்த நாம்பனை நிழலில் கட்டச் சொன்னார், தவிடு வைக்கச் சொன்னார், பக்கத்தில் குந்தி வெற்றிலையை மடித்தார். எப்போது உழும் என்று பொடியன்மார் கேட்டார்கள். ஒரு மாரி போகட்டும் என்றார். கழுத்தைத் தடவ விடுகிற அளவுக்கு நாம்பன் வந்திருந்த கிழமையில் எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்கு டீசல் கிடைக்கத் தொடங்கியது. லேண்ட்மாஸ்டர் வயலுக்கு இறங்கியது. நாம்பனை அவிழ்த்துப் பட்டியில் சேர்த்தார்கள், அடுத்த ஆண்டு அது நிறை பார்த்து விலைபோயிற்று.