எண் மாறினால் வம்பு
பலர் சேர்ந்து திருத்தும் கம்ப்யூட்டர் ஆவணங்கள் குழம்புவது ஏன்? விடைக்கு மைசூரைப் பார்க்கலாம்.

காஞ்சிபுரம் அருகே உள்ள உத்திரமேரூரின் சபை, கி.பி. 919இல் ஒரு விதி செய்தது. குடவோலை முறையில் வாரியத்துக்குத் தேர்வாகிறவருக்கு வயது 30க்கு மேல், 60க்குள் இருக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 921இல், அது 35க்கு மேல், 70க்குள் என்று மாறியது. பழைய விதியை யாரும் செதுக்கி அழிக்கவில்லை. வைகுண்டப் பெருமாள் கோயிலில் இரண்டு கல்வெட்டுகளும் இருக்கின்றன. என்ன மாறியது, எப்போது மாறியது என்பதில் சந்தேகமே இல்லை.

இவற்றைப் படியெடுத்துப் பதிவு செய்தது இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு. 1966இல் ஊட்டியிலிருந்து மைசூருக்கு இடம்பெயர்ந்த அலுவலகம் அது. அங்கு இரண்டு வழக்கங்கள். ஒன்று, படியெடுத்த ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஆண்டோடு சேர்ந்த ஒரு நிரந்தர எண். உத்திரமேரூர் கல்வெட்டுகள் 1898ஆம் ஆண்டின் 1, 2. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. தாள்கள் எங்கே போனாலும் தேடுவதற்கு அதே எண்தான். இரண்டாவது, பதிப்பிக்கும்போது கல்லில் உள்ள பிழை அப்படியே நிற்கும். திருத்தம் அடிக்குறிப்புக்குப் போகும்.

வேர்டு ஆவணங்களில் கோட்டைவிடுவது இந்த இரண்டையும்தான்.

முதலில் எண். தானியங்கி எண் என்பது பெயர் அல்ல, வெறும் வரிசை. நடுவில் ஒரு பத்தியை நுழைத்தால் 12 என்பது 13 ஆகிவிடும். "12ஆவது பிரிவின்படி" என்று கையால் தட்டச்சு செய்த வாக்கியம் மட்டும் மாறாமல் தவறான பிரிவைக் காட்டும். ஒப்பந்தத்தில் இது வழக்கில் கொண்டுபோய் விடலாம். வேர்டின் 'கிராஸ் ரெஃபரன்ஸ்' வசதியில் இணைப்பதே வழி. அதுவும் உடனுக்குடன் புதுப்பித்துக்கொள்ளாது. முழு ஆவணத்தையும் தேர்வு செய்து எஃப்9 விசையைத் தட்ட வேண்டும். வேறு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும் பத்திகள் தங்கள் எண் அமைப்பையும் கூடவே இழுத்து வருவது இன்னொரு தொல்லை. வெறும் எழுத்தாக ஒட்டி, ஆவணத்தின் 'ஸ்டைல்' வழியே எண்ணிட்டால் வரிசை கலையாது.

அடுத்து திருத்தம். 'டிராக் சேஞ்சஸ்' வசதி நீக்கியதை அடித்துக் காட்டும். சேர்த்ததை வண்ணத்தில் காட்டும். அதைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. யாரோ அதை அணைத்துவிட்டுத் திருத்தியிருந்தால், பழைய பிரதியோடு 'கம்பேர்' செய்து கண்டுபிடிக்கலாம், பழைய பிரதி இருந்தால். திருத்தங்களை மறைத்து வைப்பதும் ஏற்பதும் ஒன்றல்ல. மறைத்தவை கோப்பிலேயே இருக்கும். எதிர்த்தரப்புக்கு அனுப்பினால் அவர்கள் கண்ணிலும் படும். அடித்த பத்திகள் ஏற்கப்படாமல் கிடக்கும்வரை எண் வரிசையையும் நம்ப முடியாது.

எனவே வரிசை இதுதான்: எல்லாத் திருத்தங்களையும் ஏற்கவோ தள்ளவோ செய்யுங்கள், பிறகு எஃப்9, கடைசியாக எண்களைச் சரிபாருங்கள். பிறர் மேற்கோள் காட்டப்போகும் எண் என்றால், இறுதிப் பிரதியில் அதைச் சாதாரண எழுத்தாக மாற்றி நிலைநிறுத்திவிடுவது உத்தமம். திருத்தத்துக்கு உட்பட்ட பழைய பிரதியைத் தேதியோடு தனியே வையுங்கள். தகராறு வரும் நாளில் பேசப்போவது அதுதான்.