பழைய மோட்டார்ஹோமில் குடியேற ஆசையா? இன்ஜினுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

'நோமேட்லேண்ட்' படம் பார்த்துட்டு, 'வாடகையே வேணாம், வண்டியிலேயே வாழ்ந்துடலாம்'னு தோணுச்சா? அமெரிக்காவில் நிஜமாகவே அப்படி வாழ்பவர்கள் இன்னமும் தேடுகிற வண்டி ஒன்று உண்டு. 1980-களின் டொயோட்டா மினி மோட்டார்ஹோம். டொயோட்டா பிக்கப் சேஸிஸ் மேல் வேறு கம்பெனிகள் கட்டிய குட்டி வீடு இது. டால்ஃபின், சன்ரேடர் எனப் பல பெயர்கள். சுமார் 20 அடி நீளத்துக்குள் அடுப்பு, படுக்கை, டாய்லெட் எல்லாம் அடக்கம்.

இதன் 22ஆர் இன்ஜின் உழைப்புக்குப் பேர்போனது. அதை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்குவீங்க.

முதலில் தண்ணீர்: பெரும்பாலான மாடல்களில் சுவருக்குள் மரச்சட்டம்தான். கூரை ஜாயின்ட்டில் கசிந்திருந்தால், வெளியே பளபளப்பு, உள்ளே மரம் உளுத்திருக்கும். ஜன்னல் ஓரம், கட்டில் மூலை, அலமாரிக்குள் எல்லாம் கையால் அழுத்திப் பாருங்க. மெத்துனு அமுங்கினாலோ, ஈர வாடை வந்தாலோ நடையைக் கட்டுங்க. சன்ரேடரின் ஃபைபர்கிளாஸ் கூடு இரண்டே துண்டு என்பதால் ஜாயின்ட் குறைவு. ஆனாலும் ஜன்னல்களைச் சோதிக்கணும்.

அடுத்து பின்சக்கரம்: ஆரம்பகால ஆக்ஸில்கள் வீட்டின் எடை தாங்காமல் உடைந்தன. உடைந்தால் ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடும். பின்வீலில் நட்டுகளை எண்ணுங்க. 5 என்றால் அந்தப் பழைய ஆக்ஸில், வேண்டாம். 6 என்றால் எடை தாங்கும் பிற்கால ஆக்ஸில்.

முடிந்தால் மழை நாளில் போய்ப் பாருங்க. டூர் வண்டி கசிந்தால் ஒரு ராத்திரித் தொல்லை. குடியிருக்கும் வண்டி கசிந்தால், ஓடிப்போய் ஒதுங்க வேறு வீடு இருக்காது!