பரீட்சைக்கு மட்டும் நல்ல பிள்ளை! உலகத்தை ஏமாற்றிய மோட்டார் கார்

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள் எப்படி இருக்கும்?

கரும்பலகை பளபளக்கும். வாத்தியார் கையில் பிரம்பு இருக்காது. கடைசி பெஞ்சுப் பையன்கூட எண்ணெய் வைத்துத் தலை வாரி, கை கட்டி உட்கார்ந்திருப்பான். இன்ஸ்பெக்டரின் வண்டி தெருமுனை தாண்டியதும் பழைய கதைதான்!

பையன் செய்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு மோட்டார் கார் இதையே செய்தால்? ஒன்றல்ல, 1 கோடியே 10 லட்சம் கார்கள் செய்தால்?

செய்தன! செய்யும்படி அவற்றுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஜெர்மனியில் வோல்க்ஸ்வேகன் என்று ஒரு கம்பெனி. "மக்கள் வண்டி" என்பது அந்தப் பெயரின் பொருள். வண்டு போல முதுகு வளைந்த சின்னக் காரை உலகம் முழுவதும் ஓட விட்ட கம்பெனி இதுதான். 2015-ம் ஆண்டில் அதில் சுமார் 6 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். அந்த ஆண்டின் முதல் 6 மாதத்தில் ஜப்பானின் டொயோட்டாவையே விற்பனையில் முந்தியது.

அப்படிப்பட்ட கம்பெனிக்கு என்ன குறை? ஏன் ஏமாற்ற வேண்டும்?

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

டீசல் கார் சிக்கனமானது. குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் போகும். ஆனால் அதன் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுக்காற்று அதிகம். அது கண்ணுக்குத் தெரியாது. நெஞ்சுக்குத் தெரியும்! ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். வெயில் பட்டால் வேறு நச்சாக மாறி, ஊர் மேல் மூட்டமாகக் கவிந்து நிற்கும்.

ஆகவே அமெரிக்காவில் கடுமையான சட்டம் போட்டார்கள். ஒரு கிலோமீட்டர் ஓடினால் 0.043 கிராமுக்கு மேல் இந்தக் காற்றை விடக் கூடாது. ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட இல்லை!

இந்த நச்சைப் பிடித்து அழிக்கக் கருவி உண்டு. ஆனால் அது ஒழுங்காக வேலை செய்தால் எண்ணெய் கூடுதலாகச் செலவாகும். கருவியும் சீக்கிரம் தேயும். நல்ல கருவி வைத்தால் காரின் விலை ஏறும்.

2006-ம் ஆண்டு வாக்கில் கம்பெனியின் என்ஜினீயர்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கொடுத்த செலவில், கொடுத்த கெடுவுக்குள், சட்டத்துக்கு ஏற்ற டீசல் என்ஜினைச் செய்ய முடியாது!

"முடியவில்லை" என்று மேலிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தார்கள்.

ஸ்டீரிங் அசையவில்லை!

புகைச் சோதனை எப்படி நடக்கும் தெரியுமா? காரை ரோட்டில் ஓட்ட மாட்டார்கள். சோதனைச்சாலையில் உருளைகளின் மேல் நிறுத்துவார்கள். என்ஜின் ஓடும். சக்கரம் சுற்றும். கார் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். எத்தனை நிமிடம், எந்த வேகம் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த கணக்கு.

இப்போது யோசியுங்கள். சக்கரம் சுற்றுகிறது, ஆனால் ஸ்டீரிங்கை யாரும் திருப்பவில்லை. ரோட்டில் இப்படி நடக்குமா?

நடக்காது. அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்! இந்தக் காலத்துக் காரில் என்ஜினை ஆட்டி வைப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ஸ்டீரிங்கின் நிலை, வேகம், ஓடிய நேரம் ஆகியவற்றைப் பார்த்து, "இது பரீட்சை" என்று கண்டுபிடிக்கும்படி அதில் ரகசியமாக எழுதி வைத்தார்கள். பரீட்சை என்று தெரிந்தால் கருவி முழு மூச்சாக வேலை செய்யும். கார் தேறிவிடும். ரோட்டுக்கு வந்ததும் கருவி பாதித் தூக்கம்! சட்டம் அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை நச்சுக்காற்று வெளியேறியது.

இந்தக் காருக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? "சுத்தமான டீசல்"! விளம்பரம் தூள் பறந்தது. 2009-ம் ஆண்டுக்கான "பசுமைக் கார்" பரிசு கிடைத்தது. காற்றைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்த நல்லவர்கள், கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். என்னைக் கேட்டால், நடந்ததில் கொடுமை இதுதான். ஏமாந்தவர்கள் பேராசைக்காரர்கள் அல்ல; அக்கறை உள்ளவர்கள்!

பாராட்டப் போனார்கள், பிடித்து வந்தார்கள்

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வண்டிப் புகையை ஆராய்கிற சின்னக் குழு ஒன்று உண்டு. டான் கார்டர் அதன் தலைவர். குழுவில் இரண்டு பேர் நம் நாட்டுக்காரர்கள். ஒருவர் அரவிந்த் திருவேங்கடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்தவர்! இன்னொருவர் பெங்களூர்க்காரரான ஹேமந்த் கப்பண்ணா.

2013-ல் ஒரு தொண்டு நிறுவனம் இவர்களிடம் ஒரு வேலை கொடுத்தது. யாரையும் பிடிப்பதற்காக அல்ல. "அமெரிக்காவில் டீசல் கார்கள் எவ்வளவு சுத்தமாக ஓடுகின்றன பாருங்கள்" என்று ஐரோப்பாவுக்கு எடுத்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்!

மூன்று கார்களை எடுத்தார்கள். இரண்டு வோல்க்ஸ்வேகன், ஒன்று பி.எம்.டபிள்யூ. காருக்குள் புகை அளக்கும் கருவி. அதற்கு மின்சாரம் கொடுக்க, இரைச்சல் போடும் ஜெனரேட்டர். சைலன்சரில் இருந்து குழாய் போட்டு இணைத்தார்கள். கலிபோர்னியாவின் பெரிய நகரங்களில், நெரிசலில், மலை ஏற்றத்தில் ஓட்டினார்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சல்சில் இருந்து சியாட்டில் வரை கொண்டுபோய்த் திரும்பினார்கள். சுமார் 4 ஆயிரம் கிலோமீட்டர்! கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீருக்குப் போகிற தூரத்தைவிட அதிகம்.

கணக்கைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். பி.எம்.டபிள்யூ. பெரும்பாலும் அளவுக்குள் இருந்தது. வோல்க்ஸ்வேகன் கார் ஒன்று 15 முதல் 35 மடங்கு! மற்றொன்று 5 முதல் 20 மடங்கு! கருவிதான் கெட்டுவிட்டதோ என்று திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். கருவியில் கோளாறு இல்லை. அதே கார்களை உருளைகளின் மேல் ஏற்றினால், தங்கக் கம்பிகள்!

2014 மே மாதம் அறிக்கை வெளிவந்தது. கம்பெனியின் பெயரைக்கூட அதில் போடவில்லை. ஆனால் கலிபோர்னியா அரசின் காற்று வாரியம் விழித்துக்கொண்டது.

வாய் திறந்த ஒருவர்

"ஏன் இப்படி?" என்று வாரியம் கேட்டது. கம்பெனி மழுப்பியது. ஏதோ சின்னத் தொழில்நுட்பக் கோளாறு என்றது. 2014 டிசம்பரில் சுமார் 5 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, "சரி செய்துவிட்டோம்" என்றது. வாரியம் மறுபடி சோதித்தது. சரியாகவில்லை! "காரணம் சொல்லாவிட்டால் 2016-ம் ஆண்டுக் கார்களை விற்க அனுமதி கிடையாது" என்று கையை விரித்தது.

அடுத்து நடந்தவற்றை, பின்னால் கோர்ட்டில் கம்பெனியே ஒப்புக்கொண்டிருக்கிறது. சுமார் 40 ஊழியர்கள் ஆயிரக்கணக்கான ஆவணங்களை அழித்தார்கள். விஷயம் அத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது! அந்த நேரத்தில், 2015 ஆகஸ்டு மாதம், ஊழியர் ஒருவர் மேலதிகாரிகளின் உத்தரவை மீறி, உண்மையை வாரியத்திடம் சொல்லிவிட்டார்.

9 ஆண்டு காலம். 6 லட்சம் பேர் வேலை செய்யும் கம்பெனி. வாய் திறக்க ஒருவர்!

செப்டம்பர் 18-ந்தேதி அமெரிக்க அரசு குட்டை உடைத்தது. கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. 5 நாளில் தலைமை அதிகாரி மார்ட்டின் வின்டர்கோர்ன் ராஜினாமா செய்தார். மோசடி தனக்குத் தெரியாது என்பது அவர் வாதம்.

அதே செப்டம்பரில் நடந்த இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். சமூகப் பொறுப்புள்ள கம்பெனிகளைத் தேர்ந்தெடுக்கும் டவ் ஜோன்ஸ் பட்டியலில், கார் கம்பெனிகளுக்குள் முதலிடம் வோல்க்ஸ்வேகனுக்கு! அடுத்த மாதமே பெயரை அடித்துவிட்டார்கள்.

குரங்குகளுக்கு சினிமா

2018-ல் இன்னொரு செய்தி வெளிவந்தது. டீசல் புகையால் கெடுதல் இல்லை என்று காட்டுவதற்காக, 2014-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தியிருக்கிறார்கள். பணம் கொடுத்தது ஜெர்மன் கார் கம்பெனிகள் வைத்திருந்த ஓர் ஆராய்ச்சிச் சங்கம். 10 குரங்குகளைக் கூண்டில் அடைத்து, புகையை உள்ளே விட்டார்கள். குரங்குகள் அடங்கி இருப்பதற்காகக் கார்ட்டூன் படம் போட்டுக் காட்டினார்கள்! புகை விட்ட காரும் பரீட்சைக்கு மட்டும் நல்ல பிள்ளையான அதே ரகக் கார்தான்.

கம்பெனி கொடுத்த விலை கொஞ்சமல்ல. 2017-ல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 430 கோடி டாலர் கட்டியது. கார்களைத் திரும்ப வாங்கவும், நஷ்டஈடு கொடுக்கவும் அதைவிடப் பல மடங்கு. மொத்தச் செலவு 3 ஆயிரம் கோடி யூரோவைத் தாண்டியது. 2018-ல், திரும்ப வாங்கிய சுமார் 3 லட்சம் கார்கள் பாலைவனத்திலும் பாழடைந்த விளையாட்டு மைதானத்திலும் வரிசை வரிசையாக நின்றன.

ஜெயிலுக்கு முதலில் போனவர் யார்? ஜேம்ஸ் லியாங் என்ற என்ஜினீயர். விசாரணைக்கு ஒத்துழைத்தவர். 40 மாதத் தண்டனை. இன்னொரு அதிகாரிக்கு 7 ஆண்டு. ஜெர்மனியில் 2025 மே மாதம்தான் முன்னாள் அதிகாரிகள் 4 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்களில் 2 பேருக்கு ஜெயில். வின்டர்கோர்ன் மீதான வழக்கு 2024-ல் தொடங்கி, அவர் உடல்நலம் கெட்டதால் நின்றது.

நம் நாட்டிலும் அந்தக் கார்கள் ஓடின. 2015 டிசம்பரில் 3 லட்சத்து 23 ஆயிரத்து 700 கார்களைச் சரி செய்ய அழைப்பதாகக் கம்பெனி அறிவித்தது. 2019 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது.

ஹேமந்த் கப்பண்ணா பின்னர் அமெரிக்காவிலேயே வேறொரு கார் கம்பெனியில் சேர்ந்தார். 2019-ல் ஆட்குறைப்பு நடந்தபோது அவருக்கும் வேலை போயிற்று.

சோதனை முறை மட்டும் மாறியிருக்கிறது. ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களை ரோட்டிலும் ஓட்டி அளக்கிறார்கள். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் அந்த விதி வந்துவிட்டது. பின்புறம் பெட்டியும் குழாயுமாக ஒரு கார் உங்கள் ஊர் ரோட்டில் போனால், அது பரீட்சை எழுதிக்கொண்டு போகிறது!