இருட்டைப் படமெடுத்தல் – 9
வாணியம்பாடி வெளிச்சம்

ஜவ்வாது மலையில், காவலூருக்குப் பக்கத்தில், ஒரு பிப்ரவரி அமாவாசை இரவில் எடுத்த நாற்பது படங்களை அழித்திருக்கிறேன். மேற்கு அடிவானத்திலிருந்து ஒரு வெளிறிய பூச்சு எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. ‘வாணியம்பாடி வெளிச்சம் கெடுத்துவிட்டது’ என்று சலித்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து அதே இடம், அதே மாதம். ஏழரை மணிக்கு நின்ற பூச்சை ஒன்பதரைக்குத் தேடினால் காணோம். ஊர் எங்கே போகும்? அன்றுதான் உறைத்தது: நான் அழித்தது ராசி ஒளியை.

கோள்கள் சுற்றும் தளத்தையொட்டித் தூசு பரவிக் கிடக்கிறது. வால்நட்சத்திரங்கள் உதிர்த்தது கொஞ்சம், சிறுகோள்கள் மோதி நொறுங்கியது கொஞ்சம். அந்தத் தூசில் பட்டுச் சிதறும் வெயில்தான் ராசி ஒளி. ராத்திரியில் தெரிகிற வெயில்! அடி அகன்று, மேலே போகப் போகக் குறுகும் கூம்பு அது. பிப்ரவரி, மார்ச்சில் அந்தி முழுக்க அடங்கியபின் மேற்கில் தெரியும். செப்டம்பர், அக்டோபரில் விடியலுக்கு முன் கிழக்கில். வானியலாளர் காஸினி இதை ஆராய்ந்தது 1683-ல். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, சுபுஹு எனும் அதிகாலைத் தொழுகைக்கு நேரம் பார்த்த முஸ்லிம்கள் செங்குத்தாக எழும் இந்த ஒளியைப் ‘பொய் விடியல்’ என்று தள்ளிவிட்டு, அடிவானம் நெடுகப் பரவும் மெய் விடியலையே கணக்கில் எடுத்தார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நமக்குக் கூம்பு ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். லண்டனில் அது சாய்ந்து, பாதி அடிவான மூட்டத்தில் போய்விடும்.

பழைய டிஎஸ்எல்ஆரும் அதோடு வந்த 18-55 லென்ஸும் போதும். 18-லேயே வையுங்கள். ஜூம் செய்யத்தான் கை துறுதுறுக்கும், செய்தால் கெட்டது. விளிம்பில்லாத ஒளி இது, பக்கத்தில் இருட்டு இருந்தால்தான் உருவம் கிடைக்கும். கேமராவை நெட்டுவாக்கில் திருப்பி, சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் கழித்து, எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200, 20 விநாடி. நட்சத்திரம் துளி இழுபட்டாலும் பரவாயில்லை, கூம்புக்கு அதனால் கேடில்லை. பொத்தானை விரலால் அழுத்தி ஆட்டாமல் 2 விநாடி டைமரில் விடுங்கள்.

வந்திருப்பது ஊர் வெளிச்சமா, ராசி ஒளியா? ட்ரைபாடை அசைக்காமல் அரை மணி கழித்து இன்னொரு படம் எடுங்கள். ஊர் வெளிச்சம் மலை முகட்டை ஒட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ராசி ஒளி நட்சத்திரங்களோடு சேர்ந்து ஏழு டிகிரிபோலக் கீழே இறங்கியிருக்கும். கணினியில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றி அதை டார்ச் வெளிச்சம்போல ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கண்ணுக்குச் சந்தேகமாகத் தெரிந்த ஒன்று, படத்திலும் கொஞ்சம் சந்தேகமாக இருக்கட்டுமே.

பிப்ரவரி, மார்ச்சில் மலைக்குப் போய் மேற்கே பார்த்து எடுத்த பழைய இரவுப் படம் ஏதாவது உங்களிடம் இருக்கும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நோக்கி ஏறும் பூச்சு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கும்வரை அழித்துவிடாதீர்கள்.