டெலிட் செய்தால் எது போகும்?

2018 ஜனவரியில் அமெரிக்காவின் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ் இந்தியாவைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி போட்டது. இந்தியர்களின் செல்போன்கள் ஏன் அடிக்கடி உறைந்து நிற்கின்றன என்று கூகுள் ஆட்கள் துருவியபோது, கையும் களவுமாகச் சிக்கியது குட் மார்னிங் மெசேஜ். ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காபி, உதிக்கும் சூரியன் (கட்சிக்குச் சம்பந்தமில்லை), கூடவே ஒரு தத்துவம். விடிந்ததும் வந்து விழும் இந்தப் படங்கள்தான் போனை அடைத்துக்கொண்டிருந்தன. இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தினமும் இடம் தீர்ந்துபோகிறது, அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான் என்று ‘வெஸ்டர்ன் டிஜிட்டல்’ நிறுவனம் சொன்ன கணக்கும் அதில் இருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் கூகுள் ‘ஃபைல்ஸ் கோ’ செயலியை வெளியிட்டிருந்தது. காலை வணக்கப் படங்களைத் தேடிப் பிடித்து மொத்தமாகக் கழிக்க அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இன்று 128 ஜி.பி. போன் சாதாரணமாகிவிட்டது. ஆனாலும் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ அறிவிப்பு ஓயவில்லை. இடம் கூடக் கூட கேமராவின் பசியும் கூடிவிட்டது. ஐபோனில் 4கே தரத்தில் ஒரு நிமிட வீடியோ ஏறக்குறைய 170 எம்.பி. பிடிக்கும் என்று அதன் செட்டிங்ஸிலேயே எழுதியிருக்கிறது. காதுகுத்து விழாவில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் 850 எம்.பி. போயிற்று. அந்த இடத்தில் 2 எம்.பி. அளவுள்ள படங்கள் நானூறுக்கு மேல் அடங்கும். இது தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து கண் மூடிய செல்ஃபிகளை ஒவ்வொன்றாகக் கழிப்பவர்களே அதிகம். கை வைக்க வேண்டிய முதல் இடம் வீடியோ.

இரண்டாவது இடம் வாட்ஸ்அப். அதன் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதிக்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ என்று ஒன்று உண்டு. 5 எம்.பி.க்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை என்று அதுவே பிரித்து வைத்திருக்கும். பக்கத்திலேயே இருக்கும் ஆட்டோ டவுன்லோடையும் அணைத்துவிட்டால், தட்டினால் மட்டுமே படம் இறங்கும். ஆண்ட்ராய்டில் பலர் ‘மீடியா விசிபிலிட்டி’யை மட்டும் அணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது படத்தை கேலரியில் காட்டாமல் மறைக்கிறது, அவ்வளவே. அடைத்த இடம் அடைத்தபடியே இருக்கும்.

உண்மையில் ஆட்கள் அடிபடுவது பேக்கப் விஷயத்தில். 2015 மே மாதம் ‘கூகுள் போட்டோஸ்’ வந்தபோது, கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம் என்றது. ஊரே ஏற்றியது. 2021 ஜூன் 1-ம் தேதியோடு அந்தச் சலுகை முடிந்தது. இப்போது இலவசம் 15 ஜி.பி. மட்டும். அதையும் ஜிமெயிலும் டிரைவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கொடைக்கானல் டூர் படங்கள் அந்த 15 ஜி.பி.யை நிரப்பிவிட்டால் ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதும் நின்றுவிடும், அது இன்டர்வியூ அழைப்பாக இருந்தாலும் சரி. ஆப்பிள் ஐகிளவுடில் இலவச அளவு இன்னும் குறைவு, 5 ஜி.பி.

பேக்கப் ஆன படத்தை கூகுள் போட்டோஸுக்குள் போய் டெலிட் செய்தால், போனில் இருப்பது மட்டும் போகாது. கூகுளில் இருப்பதும் சேர்ந்து போகும். அதே கணக்கில் திறந்திருக்கும் டேப்லெட்டிலிருந்தும் போகும். ‘அதான் மேலே ஏறியிருக்கிறதே, இங்கே அழிக்கலாம்’ என்று அழித்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தேடுபவர்களின் கதை இதுதான். போனை மட்டும் காலி செய்ய ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று தனி வசதி இருக்கிறது. தவறி அழித்தாலும் அவகாசம் உண்டு: பேக்கப் ஆன படம் ட்ராஷில் 60 நாள் இருக்கும், ஆகாதது 30 நாள். ஐபோனிலும் ‘ரீசன்ட்லி டெலிட்டட்’ ஆல்பத்தில் 30 நாள் கிடக்கும். கிடக்கிற வரை இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவு படம் எடுத்தும் எதுவும் மனதில் நிற்பதில்லையே என்பவர்களுக்கு ஓர் ஆய்வு. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கெல், மாணவர்களை ஒரு கலைக்கூடத்துக்கு அழைத்துப்போய் சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டுமே செய்யவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, முழுதாகப் படம் எடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவற்றுக்கு அந்தச் சரிவு இல்லை. 2014-ல் வெளியான முடிவு இது. மறுஆண்டு ‘பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்’ இதழில், தினமும் ஆயிரம் படம் எடுத்து, மணிக்கணக்கில் அடுக்கி, எதையும் திரும்பப் பார்க்காத 47 வயது நெதர்லாந்துக்காரர் ஒருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். அது சிகிச்சை தேவைப்பட்ட நிலை. இ.பி. மீட்டரையும் மளிகை லிஸ்ட்டையும் படம் எடுத்து அப்படியே விட்டுவைப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

போக வேண்டியது போகாமல் நின்றதும் உண்டு. 2024 மே மாதம் ஐஓஎஸ் 17.5 ஏற்றிய சிலருக்கு, எப்போதோ அழித்த படங்கள் கேலரியில் மறுபடி முளைத்தன. தரவுத்தளக் கோளாறு என்று சொல்லி ஆப்பிள் ஒரே வாரத்தில் 17.5.1 வெளியிட்டது. அதனால், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது கேலரியை மட்டும் துடைத்துவிட்டுக் கொடுப்பது போதாது. அதிலும் ஐகிளவுடில் லாக்-இன் ஆன நிலையில் கையால் அழித்தால் புதுப் போனுக்கு வர வேண்டிய படங்களும் சேர்ந்து அழியும். பேக்கப்பை ஒருமுறை சரிபார்த்து, கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு ஃபேக்டரி ரீசெட் கொடுக்க வேண்டும். அந்த வரிசை மாறக் கூடாது.