கணநேர ஒளிகளும் ஊவா வானமும்

சங்கப் புலவராகிய கூடலூர் கிழார் ஒரு பங்குனித் திங்கள் இரவில் விண்மீன் ஒன்று எரிந்து வீழக் கண்டார். கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு ஏதம் வருமோ என அஞ்சினார்; ஏழாம் நாள் அரசன் துஞ்சினான். இச்செய்தியைக் கூறும் புறநானூற்று 229ஆம் பாட்டை நிமித்தம் பற்றியதாகவே பலரும் கற்கின்றனர். ஆயினும் மீன் வீழ்ந்த வேளையில் எந்த நாண்மீன் உச்சியினின்று சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது என்பனவற்றையும், வீழ்ந்த மீன் சென்ற திசையையும் புலவர் குறித்திருப்பதை நோக்குதல் வேண்டும். எரிமீன் காண்போரிடம் இன்றைய வானநூலார் கேட்பனவும் இவையே. அக்குறிப்பில் இல்லாதது ஒன்றே: அதே மீனை வேறோர் ஊரில் நின்று கண்ட இரண்டாம் ஆளின் சாட்சி. அவ்விரண்டாம் ஆள் ஏன் வேண்டும், ஊவா மலைநாடு அவனை எங்ஙனம் தரக்கூடும் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

எரிமீன் விண்மீன் அன்று. பெரும்பாலும் மணற்பருக்கை அளவினதாகிய ஒரு துகள், விநாடிக்கு 11 முதல் 72 கிலோமீற்றர் வரையான விரைவோடு வளிமண்டலத்துட் புகுந்து, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் ஒளிவிட்டு அழிகின்றது. இவ்வுயரம் ஒருவர் மட்டும் நோக்கி அறியத்தக்கதன்று. அண்மையிற் செல்லும் சிறு பொறியும் சேய்மையிற் செல்லும் பெருந்தழலும் ஒரு கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். 1798இல் ஜேர்மனியிலே கெற்றிங்கன் பல்கலைக்கழக மாணவராயிருந்த பிராண்டிஸ், பென்சன்பேக் என்னும் இருவர் இதற்கு வழி கண்டனர். சில கிலோமீற்றர் இடைவெளியில் இருவரும் நின்று ஒரே வானத்தை நோக்கினர். அவர்கள் குறித்த எரிமீன்கள் சுமார் 400. இருவரும் ஒருங்கே கண்டவை 22 மட்டுமே. அந்த 22இன் தோற்ற இடங்கள் விண்மீன்களிடையே மாறுபட்ட அளவைக் கொண்டு முக்கோணக் கணிதத்தால் உயரத்தைக் கணித்தனர். காற்றிலே தீப்பற்றும் ஆவி எனக் கருதப்பட்டு வந்த பொருள், அன்றுமுதல் அளக்கத்தக்க பொருளாயிற்று. இவர்கள் மாணவர் என்பதை நம் கல்லூரி மாணவர் மறவாதிருப்பாராக.

எரிமீனிலும் பன்மடங்கு அரியனவாய், விண்ணின் ஆழத்திலிருந்து வரும் கணநேர ஒளிகளும் உள. இவற்றைக் காண்பதற்குப் பெருந்தொலைநோக்கி மட்டும் போதாது. மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளாக் நிறுவனத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி போன்றது வானின் மிகச் சிறு பகுதியையே ஒரு நேரத்தில் காட்டும். ஒளியோ எப்பகுதியில் எழும் என முன்னறிவித்து வருவதன்று. ஆகவே, கூர்மையைச் சிறிது விட்டுக்கொடுத்து, வானை அகலமாகவும் இடைவிடாமலும் நோக்கும் கமராக்கள் அமைக்கப்பட்டன. போலந்து நாட்டினர் சிலியில் நிறுவிய ‘பை ஒப் த ஸ்கை’ என்னும் கருவி அத்தகையது. 2008 மார்ச் 19ஆம் நாள் தோன்றிய காமாக்கதிர் வெடிப்பு ஒன்றின் ஒளியை அது பதிவு செய்தது. சுமார் 750 கோடி ஆண்டு பயணஞ்செய்து வந்த அவ்வொளி, வெறுங்கண்ணாற் காணத்தக்க நிலையில் அரை நிமிட அளவே நின்றது. அரை மணிக்கு உட்பட்ட முன்னேரத்தில் அயலிலே வேறொரு வெடிப்பு நிகழ்ந்தமையால் கருவி அப்பக்கம் திரும்பியிருந்தது, இது நற்பேறே. அவ்வேளை இலங்கையில் முற்பகல் 11.42 மணி. நமக்குப் பகலாகும்போது பிறர்க்கு இரவு. பிறர்க்குப் பகலாகும்போது காவல் நமதன்றோ?

ஆனால் மின்னியதெல்லாம் விண்மீன் வெடிப்பு ஆகாது. 1980களின் நடுப்பகுதியில் மேடம், பெர்சியசு என்னும் மீன்கூட்டங்களின் எல்லையில் அடிக்கடி ஒளி மின்னுவதாகக் கனடாவின் பயில்நிலை வானோக்குநர் அறிவித்தனர். அறிஞர் சிலர் புதுவகை விண்பொருளோ என ஐயுற்றனர். ஈற்றில், செய்மதிகளின் பளபளப்பான பக்கங்களிற் பட்டுத் தெறித்த ஞாயிற்றொளியே அவற்றுக்குக் காரணம் எனத் தெளிந்தது. இங்கும் இரண்டாம் ஆளே நடுவன். இரு இடங்களில் நின்று நோக்கின், செய்மதியின் மினுக்கம் விண்மீன்களிடையே இடம் மாறித் தோன்றும், அல்லது ஓரிடத்தில் தோன்றாமலே போகும். ஆழ்விண் ஒளியோ அணுவளவும் மாறாது. செய்மதிகள் பல்லாயிரமாகப் பெருகிவிட்ட இக்காலத்தில் இச்சோதனையின் தேவை முன்னிலும் மிகுதி.

நமக்கு அண்மையில் நிகழ்ந்ததும் ஒன்றுண்டு. 2015 ஒக்டோபர் 3இல் அரிசோனாவின் கற்றலீனா வானாய்வு டபிள்யூ. ரீ. 1190 எப் என்னும் சிறு பொருளைக் கண்டது. விண்கலம் ஒன்றின் கழிவுறுப்பெனக் கருதப்பட்ட அது, நவம்பர் 13 நண்பகலுக்குச் சற்று முன், இலங்கையின் தென்கரைக்கு அப்பாற் கடல்மேல் எரிந்து அழிந்தது. வீழும் நாளும் இடமும் முன்கூட்டியே கணிக்கப்பட்டமையால், அறிஞர் விமானத்திற் பறந்து பட்டப்பகலிலும் அதனைப் படம் பிடித்தனர். அகன்ற காவலின் பயன் இதுவே.

ஊவாவின் நிலையை நோக்குவோம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையை உதிர்த்துவிட்டு, வறண்ட காற்றாய் இப்பக்கம் இறங்குகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை நம் தேயிலைக்குத் தனிமணம் தரும் அவ்வறட்சி, மேற்கே மழை பெய்யும் காலத்தில் நமக்குத் தெளிந்த இரவுகளையும் தருகின்றது. பதுளைக்கும் அப்புத்தளைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 27 கிலோமீற்றர். 100 கிலோமீற்றர் உயரத்து எரிமீன் உச்சிவானிற் செல்லின், இவ்விரண்டு ஊரிலிருந்தும் காணும்போது சுமார் 15 பாகை இடம்பெயர்ந்து தோன்றும். கணிப்பதற்கு அது தாராளம். இன்று சிறு வீடியோ கமராவும் கைக்கணினியும் கொண்டு பல நாட்டுப் பயில்நிலையாளரும் பள்ளிகளும் உலக எரிமீன் வலையமைப்பிற் சேர்ந்துள்ளனர். கருவி இல்லாதவிடத்தும், பிழையற்ற கடிகாரம், விண்மீன் வரைபடம், ஓர் ஏடு என்பன போதும். பிராண்டிசுக்கும் இவற்றினும் மிகுதியாக இருந்ததில்லை.

நள்ளிரவின் பின் எரிமீன்கள் மிகுதல் இயல்பு. புவி விநாடிக்கு 30 கிலோமீற்றர் விரைவில் ஞாயிற்றைச் சுற்றும்போது அதன் முன்முகம் விடியற்பக்கமே. ஆதலின், பெரட்டுக்குமுன் அடுப்பு மூட்டுதற்கு இருளிலே எழும் தோட்டப் பெண்கள், நகரத்தார் காணாத எரிமீன்களைக் காண வாய்ப்புடையர். எரிமீன் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்த்தல் வேண்டும் என்பது தமிழ் ஊர்களின் வழக்கு. தேயிலைச் சரிவிற் பசுமைக்குக் குறைவில்லை! அதனோடு மணியையும் திசையையும் ஏட்டிற் குறிக்குமாறு வீட்டுப் பிள்ளைகளை ஏவின், லயந்தோறும் ஒரு சாட்சி கிடைக்கும். ஓகஸ்ட் 12, 13ஆம் நாள்களில் உச்சமடையும் பெர்சியத் தாரையின் தோற்றுவாய், பதுளையில் இரவு 11 மணியளவில் வடகீழ்த்திசையில் எழுந்து, விடியுமுன் 39 பாகை உயரத்தை எய்தும். நமுனுகுலை தென்கிழக்கில் நிற்பதால் அதனை மறைப்பதில்லை.